வேலைக்கு வெளியே

இரவு விருந்துகளுக்கு
மேசை அட்டைகள் அச்சடிப்பது என் வேலை.
மேலே உணவின் பெயர், அடியில் பொடி எழுத்தில்
கடலை உண்டா, பால் உண்டா, முட்டை உண்டா.
மற்றப் பெயரெல்லாம் விரலுக்குப் பழகிவிட்டன.
இந்த ஒரு சொல்லை மட்டும்
எட்டு வருடமாய்
பழைய அட்டையைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிக்கிறேன்.

"குதிரைன்னு ஆரம்பிக்குதே" என்று
ஆங்கிலத்தில் படித்துவிட்டுத் திகைத்தார்
புதிதாய்ச் சேர்ந்த சுல்கர்னைன்.
நாங்கள் சிரித்து முடிப்பதற்குள்
ஒரு தட்டு இறால் ஆறிப்போனது.

ஓர் டெர்வ்.
அப்படித்தான் சொல்ல வேண்டுமாம்.
முன்னால் ஹெச் நிற்கும், பேசாது.
எஸ் நிற்கும், அதுவும் பேசாது.
நடுவில் ஓவும் ஈயும்
ஒட்டிப் பிறந்து ஒரே உடம்பாய்க் கிடக்கும்;
என் விசைப்பலகையில் அதற்குக் கட்டை இல்லை,
பிரித்துத்தான் அடிக்கிறேன்.
தமிழில் ஒரு புள்ளிகூடச் சும்மா நிற்காது.
இங்கே, பட்டியலில் பேர் இருந்தும்
கூப்பிடப்படாத எழுத்துகள்.

நேற்று, ஜொலீன் குவெக் கூட்டத்துக்குப் போயிருந்தபோது
அகராதியைத் திறந்தேன்.
பிரெஞ்சில் அதற்கு
வேலைக்கு வெளியே என்று பொருள்.
அடுப்படிக்கு வரும் முன்
அது கட்டடம் கட்டுகிறவர்களின் பேச்சாம்:
மாளிகையின் வரைபடத்தில் சேராமல்
ஓரமாய் எழும்பிய கொட்டகை.
அப்புறம் யாரோ அதை மேசைக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள்,
பெரிய சாப்பாட்டின் கணக்கில் வராத
சின்னத் தட்டுகளுக்காக.

எனக்குப் புறம்போக்கு ஞாபகம் வந்தது.
நம்மிடம் நிலமாய் இருந்து
வசவாய்ப் போன சொல்.
அவர்களிடம் கொட்டகையாய் இருந்து
ஒரு வாய் நண்டாய்ப் போயிருக்கிறது.
சொல்லுக்கும் ராசி வேண்டும்.

இலையில் இப்படி வெளியே என்று ஒன்று உண்டா?
உப்பு முதலில் வந்து
மூலையில் உட்காரும்.
சோறு வரும் வரை அதுதான் காவல்.
இலையை மடிக்கும்போது
சேர்ந்தே மடியும்.

நேற்று நல்ல மழை. அறுபது பேர் வரவில்லை.
வெளியே வைத்து நான்கு மணி நேரம் ஆனால்
குப்பைக்கு, அதுதான் விதி.
நான்கு ஆக இன்னும் பத்து நிமிடம்.
ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு
பின்வாசலுக்கு வந்தேன்.

ராபர்ட்சன் கீ நடைபாதை விளிம்பில்
எங்கள் கண்ணாடிச் சுவரை மாற்றுகிற ஆட்கள்
லாரிக்குக் காத்திருந்தார்கள்.
துவாஸ் விடுதிக்குப் போகிற லாரி.
ஒருவர் பூட்ஸைக் கழற்றி
ஊறிப்போன விரல்களை
ஒவ்வொன்றாய் நெட்டி முறித்துக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, சாம்பிளா?"
வீரபாகு என்று சட்டையில் எழுதியிருந்தது.
நகத்தளவு ரொட்டி, மேலே நண்டு,
அதற்கு மேலே ஏதோ பச்சையாய் ஒரு இணுக்கு.
இணுக்கை எடுத்துத் தூர வைத்துவிட்டுத்
தட்டை ரஃபீக்குலிடம் தள்ளினார்.
"சாப்பாடு பின்னால வருதா?"
வராது என்றேன்.
"அப்ப இது எதுக்கு முன்னால?"

பேர் கேட்டார். சொன்னேன்.
திருப்பிச் சொல்ல முயலவில்லை.
அர்த்தம் கேட்டார்.
வேலைக்கு வெளியே என்றேன்.
மென்றபடி யோசித்தார்.
"ஓ.டி.யா?" என்றார்.
"ஒன்றரை மடங்கு வரணுமே."

லாரி வந்தது. பதினான்கு பேர் ஏறினார்கள்.
பின்பலகைச் சங்கிலி மாட்டும் ஓசை
ஆற்றின் மேல் கொஞ்ச தூரம் போனது.

தட்டில் ஒன்று மீதி.
என் வேலை முடிய
இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.
வாயில் போட்டுக்கொண்டேன்,
எட்டு வருடத்தில் முதல் முறையாக.

உப்பு கொஞ்சம் தூக்கல்.